பெயர் சொல்லி எழுப்பும் வரை

கடைசிப் பையனையும் படுக்க வைத்தாயிற்று. அதற்குப் பிறகும் ஹாலிஸின் தோளில் ஒரு கை இருந்தது.

நாலைந்து எட்டு நடந்த பிறகுதான் அது அவனுக்கு உறைத்தது. சாயங்காலத்திலிருந்து ஏதாவதொரு கை தோளில் இருந்துகொண்டே இருந்ததால் பழகிப்போயிருந்தது. ஏரியின் மேல் வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மிச்சிகனின் வடகோடியில் ஜூலை மாதத்துச் சூரியன் லேசில் அடங்காது. ஆனால் பாதை தேவதாரு மரங்களுக்கு அடியில் புகுந்ததும் அந்த வெளிச்சம் வெளியிலேயே நின்றுவிட்டது. ஈரப் பாசியின் வாடை, அழுகிய மரப்பட்டையின் வாடை, உடம்பெல்லாம் தடவியிருந்த கொசு மருந்தின் நெடி, அதற்கெல்லாம் கீழே, ஏரியின் அடிச்சேற்றை யாரோ கிளறிவிட்டாற்போலப் புதிதாக ஒரு நாற்றம். தண்ணீரில் எங்கோ ஒரு லூன் பறவை அழுகிறதா சிரிக்கிறதா என்று தெரியாமல் நீளமாகக் கத்தி ஓய்ந்தது. ஹாலிஸ் நின்றான். கையும் நின்றது.

"யாருடா அது?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஆனால் கேட்கக் கூடாது. அதுதான் தொல்லையே.

கங்குச் சங்கத்தில் சேருவது அப்படி. சாரணர் பையன்கள் தங்களுக்குள்ளேயே ஓட்டுப் போட்டு, இவன் பிறருக்கு உழைப்பவன், இவன் நாலு பேரை நடத்திச் செல்லக்கூடியவன் என்று ஒருவனைத் தேர்ந்தெடுப்பார்கள்; தானாகக் கேட்டு வாங்க முடியாது. தேர்வானவன் கோடை முகாமில் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். ராத்திரி காட்டில் தனியாகப் படுக்கை, பகலில் அரை வயிற்றுச் சாப்பாடு, முகாமுக்காகக் கூலியில்லாத வேலை. சேவை, தலைமை என்று பதக்கத்தில் அழகாகப் பொறித்திருக்கும். நடப்பில் அதற்கு மண்வெட்டி, கல், கொசு, பட்டினி என்று அர்த்தம். ஹாலிஸ் இரண்டு வருஷம் முன்பு இதையெல்லாம் தாண்டி வந்தவன். இந்தக் கோடையில்தான் முதல்முறையாக ஒரு வரிசைக்கு வழிகாட்டியாக அவனை விட்டிருந்தார்கள். வழிகாட்டிக்கும் அதே மௌனம், அதே பட்டினி.

டார்ச் விளக்கு கிடையாது. முன்னால் போகிறவன் தோளில் பின்னால் வருகிறவன் கை வைத்தபடி வரிசையாகக் காட்டுப் பாதையில் போக வேண்டும். வழிகாட்டி அங்கங்கே நின்று, தன் தோளில் இருக்கும் கையைப் பிடித்துக் கீழ்நோக்கி அழுத்துவான். அந்தப் பையன் பாதையோரமாகத் தன் உறக்கப் பையை விரித்துப் படுத்துவிடுவான். அடுத்தவன் முன்னால் வந்து வழிகாட்டியின் தோளில் கை வைப்பான். விடியும்போது வழிகாட்டி திரும்பி வந்து ஒவ்வொருவன் தோளையும் தொட்டு, முழுப் பெயரைச் சொல்லி எழுப்புவான். அந்தப் பெயர் மட்டும்தான் பேச அனுமதி. பெயர் சொல்லும் வரை எவனும் எழுந்திருக்கக் கூடாது.

வரிசையின் கடைசியில் ஹாலிஸ் வேண்டுமென்றே நிறுத்தியிருந்தது தன் தம்பி ஆர்லோவை. தன் படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்றுதான்.

ஆர்லோவுக்குப் பதின்மூன்று வயது. தூக்கத்தில்கூடப் பேசுகிறவன். போன மாத நெடுநடையில் கால் கொப்புளித்த ஒரு சின்னப் பையனின் மூட்டையையும் தானே சுமந்துகொண்டு, வழியெல்லாம் அவனுக்கு அசட்டுக் கதைகள் சொல்லிச் சிரிக்க வைத்தே கொண்டுவந்து சேர்த்தான். அதற்காகத்தான் பையன்கள் ஓட்டுப் போட்டார்கள். ஓட்டுப் போட்ட கையோடு கேலியும் செய்தார்கள். "மத்தியானத்துக்குள்ள இவன் வாயைத் தொறக்கலைன்னா நான் மொட்டை அடிச்சுக்கறேன்டா," என்றான் டுவைட். ஆர்லோவோடு ஒரே கூடாரத்தில் படுப்பவன். அவனும் இந்த வரிசையில் இருந்தான்.

தீ மூட்டிய இடத்தில் ஒவ்வொருவன் உள்ளங்கையிலும் கரிக்கோடு இழுக்கும்போது, பெரியவர் மிஸ்டர் வேடல் தெளிவாகச் சொன்னார். "நெசமாவே ஏதாவது ஆபத்துன்னா கத்துங்கப்பா. கரடியோ, வயித்துவலியோ, பயமோ, எதுவா இருந்தாலும் சரி. அதுக்காக யாரும் உங்களைக் குறை சொல்லமாட்டோம்."

அவர் சொன்னது சரி. அதற்கு முன்னாலேயே ஹாலிஸ் தம்பியைத் தனியாகப் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் இழுத்துப் போயிருந்தான்.

"டேய், ஆபத்துன்னா கத்துங்கன்னு வேடல் சொல்லுவார். நீ கத்தாதே. கரடி வந்து மூஞ்சியை நக்கினாலும் கத்தாதே. என் வரிசைல முதல்ல வாயைத் தொறந்தவன் என் சொந்தத் தம்பின்னா என் மானம் போயிடும்."

"சரிடா, ரொம்பப் பண்ணாதே," என்றான் ஆர்லோ, முன்பல் இடுக்குத் தெரியச் சிரித்துக்கொண்டு. "நீ வந்து என் பேரைச் சொல்ற வரைக்கும் மூச்சு விடமாட்டேன். போதுமா?"

அந்த ஆர்லோவைத்தான் இப்போது, நாலைந்து எட்டுக்கு முன்னால், ஒரு சாய்ந்த பிர்ச் மரத்தடியில் ஹாலிஸ் கையழுத்திப் படுக்க வைத்துவிட்டு வந்தான். அப்படியானால் இது யார்?

யாராக இருக்கும், அவனேதான். தனியாகப் படுக்கப் பயந்துகொண்டு பின்னாலேயே வந்துவிட்டான். ஹாலிஸுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. திரும்பிப் பார்த்தான். மரங்களுக்குக் கீழே தம்பியின் உயரத்தில் ஒரு கறுப்பு. உறக்கப் பைகூட இல்லை, கழுதை அதையும் விட்டுவிட்டு வந்திருக்கிறது. தோளில் இருந்த கையைப் பிடித்தான். தண்ணீரிலிருந்து இப்போதுதான் எடுத்தது மாதிரி ஜில்லென்று, விரல்நுனி சுருங்கி இருந்தது. ஏரியில் கையை விட்டு அளைந்திருப்பான். இழுத்துப் பாதையோரம் கொண்டுபோய், தோளைப் பிடித்து அழுத்தினான். படு.

உடனே படுத்துவிட்டது. ஒரு முணுமுணுப்பு இல்லை, காதைப் பிடித்து இழுக்கிற விளையாட்டு இல்லை. முகம் பாசியில் புதைய, குப்புறப் படுத்துக்கொண்டது. பையில்லாமல் குளிருமே என்று ஹாலிஸ் தன் மேல்சட்டையைக் கழற்றி அதன் மேல் போட்டான். திரும்பிப் போய் அந்தப் பிர்ச் மரத்தடியை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால் என்ன என்று தோன்றியது. வழிகாட்டி திரும்பி நடந்து பையன்களைக் கலைக்கக் கூடாது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தன் இடத்துக்குப் போய்ப் படுத்தான்.

தூக்கம் வரவில்லை. தண்ணீர் கரையை நக்கிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே இன்னொரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. முதலில் மீன் துள்ளுகிறது என்று நினைத்தான். இல்லை. உதடு பிரிகிற சத்தம். ஒட்டியிருந்த ஈர உதடுகள் பிரிந்து, மூடி, மறுபடியும் பிரிந்து, குரல் வராமல் எதையோ சொல்லிப் பார்க்கிற சத்தம். மேல்சட்டையைப் போட்டுவிட்டு வந்த திசையிலிருந்து. பேச்சு வெறியில் பயல் வாயசைத்துப் பார்க்கிறான் என்று ஹாலிஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சிரிக்கக்கூட முயற்சி செய்தான். காதை மூடிக்கொண்டு எப்போது தூங்கினான் என்று அவனுக்கே தெரியாது.

விடியும்போது ஏரி முழுக்க மூடுபனி. மரத்தின் கீழ்பாதி தெரிந்தால் மேல்பாதி தெரியவில்லை. ஹாலிஸ் வந்தபோது அது போட்டபடியே கிடந்தது. மேல்சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. குனிந்து தோளைத் தொட்டான். ராத்திரியெல்லாம் பேசாத தொண்டை கரகரத்து, நடுவில் உடைந்தது.

"ஆர்லோ மேக்கெலா."

அது எழுந்தது. மெதுவாகத் திரும்பி அவனைப் பார்த்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், ஹாலிஸுக்கு அந்த முகத்தில் எதுவுமே தெரியவில்லை. பனிதான், தூக்கக் கலக்கம்தான். கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி பார்த்தான். ஆர்லோதான். மூக்கின் மேல் எப்போதும் அப்பியிருக்கும் செம்புள்ளிகளை மட்டும் காணவில்லை, பாசி ஈரம் முகமெல்லாம் படிந்திருந்தது. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. அது அவன் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு, தோளில் கையை வைத்துக்கொண்டது.

பிர்ச் மரத்தைத் தாண்டும்போது ஆர்லோவின் நீல உறக்கப் பை அங்கே கிடந்தது. ஜிப் தலைக்கு மேல் வரை இழுத்து மூடியிருந்தது. நடுவில் மேடாக இருந்தது. காற்று அடைத்துக்கொண்டு உப்பியிருக்கும். எடுத்துக்கொள்ளலாம் என்று குனியப் போனான். தோளில் இருந்த கை இறுகி அவனை முன்னே தள்ளியது. பின்னால் ஜிப் துணி சரசரத்தது போல இருந்தது. ஹாலிஸ் திரும்பவில்லை. மற்றவர்கள் காத்துக்கொண்டிருப்பார்கள்.

அன்றைய சேவை, ஏரியிலிருந்து பிரார்த்தனை மேட்டுக்குக் கல்படி அமைப்பது. காலையில் ஆளுக்கு ஒரு அவித்த முட்டையும் ரொட்டித் துண்டும். பையன்கள் முட்டையை ஓட்டோடு தின்றுவிடுவது போல விழுங்கினார்கள். ஆர்லோ அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். தட்டு காலியாவதற்குள் அடுத்தவன் தட்டைப் பார்க்கிற ஆர்லோ. பிறகு போய்க் கல் தூக்கினான். இரண்டு பேர் சேர்ந்து உருட்டுகிற கல்லைத் தனியாக மார்போடு அணைத்துத் தூக்கி வந்தான். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

மிஸ்டர் வேடலுக்குத் தாங்கவில்லை. பெரியவர்களுக்கு மௌனம் கிடையாது. "சபாஷ் ஆர்லோ!" என்று கைதட்டினார். "பாருங்கப்பா, ஆர்லோவைப் பாருங்க! ஆர்லோ, அந்தப் பெரிசை இங்கே வைப்பா. அப்படித்தான், ஆர்லோ!"

ஹாலிஸ் பார்த்தான். காலையில் இல்லாத செம்புள்ளிகள் இப்போது ஒவ்வொன்றாக மூக்கின் மேல் இருந்தன. முகத்தைக் கழுவியிருப்பான் என்று நினைத்துக்கொண்டான். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, வேடல் மறுபடியும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, அது அவரைப் பார்த்து முதல்முறையாகப் புன்னகை செய்தது. பல்லிடுக்கு தெரிந்தது.

கொசு. அதையும் அப்போதுதான் கவனித்தான். எல்லாப் பையன்களும் கழுத்திலும் காதிலும் ஓயாமல் அறைந்துகொண்டிருந்தார்கள். ஹாலிஸின் முழங்கை முழுக்கத் தடிப்பு. ஆர்லோவைச் சுற்றி மட்டும் ஒரு கொசுகூட இல்லை.

டுவைட் அதன் பக்கத்தில் நிற்கவே மறுத்தான். கையைப் பிடித்து அங்கே நிறுத்தினால் நழுவி வந்துவிட்டான். மத்தியானம் தண்ணீர் குடிக்கும்போது ஹாலிஸின் சட்டையைப் பற்றி இழுத்தான். கண் கலங்கியிருந்தது. காட்டுப் பாதையைக் காட்டினான். பிறகு படுத்திருப்பது போலக் கன்னத்தில் கையை வைத்துக் காட்டினான். பிறகு மறுபடியும் பாதையை. என்னடா என்று ஹாலிஸ் கண்ணாலேயே கேட்டான். கேட்டதற்குப் பதிலாக டுவைட் ஒரு கையை மட்டும் நீட்டி, காற்றில் எதையோ பிடிக்கப் போவது போல விரல்களை விரித்து மூடினான்.

ஹாலிஸுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள விருப்பமில்லை என்பதே உண்மை. வாயைத் திறந்து, "என்ன பாத்தே, சொல்லு," என்று கேட்டிருக்கலாம். கேட்டால் இரண்டு பேருக்கும் சங்கம் போயிற்று. பையன்கள் சிரிப்பார்கள். சாயங்காலம் தீ மூட்டியதும் எல்லோருக்கும் வாய் திறந்துவிடும். அதற்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். கொஞ்ச நேரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது? அவன் போய் இன்னொரு கல்லைப் புரட்டினான். முதுகில் ஒரு பார்வை ஊன்றியே இருந்தது. திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அது இவன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் பெற்றோர்கள் வந்தார்கள். அம்மா பழைய ஸ்டேஷன் வேகன் காரிலிருந்து, துணி போட்டு மூடிய, இறைச்சி அடைத்த பாஸ்டி ரொட்டிகளோடு இறங்கினாள். "முழுசாத்தானே வெச்சிருக்கே என் பிள்ளையை?" என்று தூரத்திலிருந்தே ஹாலிஸைப் பார்த்துக் கேட்டாள். ஹாலிஸ் பதில் சொல்ல முடியாமல் தலையை ஆட்டினான்.

தீ எரிந்தது. பையன்கள் வட்டமாக நின்றார்கள். ஒவ்வொருவனாக முன்னால் வந்து, தன் பெயரைத் தானே உரக்கச் சொல்ல வேண்டும். அதுதான் மௌனம் கலைகிற முறை. டுவைட் சொன்னான். மற்றவர்கள் சொன்னார்கள், கைதட்டினார்கள். கடைசியாக அது வந்தது. வாயைத் திறந்தது.

"ஆர்லோ மேக்கெலா."

கரகரத்து, நடுவில் உடைந்த குரல்.

ஹாலிஸின் குரல். விடியற்காலையில் அவன் சொன்ன அதே மாதிரி, அதே இடத்தில் உடைந்து.

எல்லோரும் சிரித்தார்கள். "அடேயப்பா, ஒரே ராத்திரியில குரல் உடைஞ்சுபோச்சே!" என்று அம்மா ஓடிவந்து அதைக் கட்டிக்கொண்டாள். "அண்ணன் மாதிரியே பேசுது பாரு! எவ்வளவு ஈரமா இருக்கே, ஆர்லோ. என் கண்ணு, ஆர்லோ." அது அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, கண்ணை மூடாமல், ஹாலிஸைப் பார்த்தது.

டுவைட் வந்து ஹாலிஸின் கையைப் பிடித்தான். பேச்சு கொட்டியது. "ஹாலிஸ், அது யாருடா? அது யாரு? ஆர்லோ எனக்கு அடுத்து, கூப்பிடு தூரத்துல படுத்திருந்தான்டா. ராத்திரி பூரா அழுதான். வாயைப் பொத்திக்கிட்டு அழுதான், எனக்குக் கேட்டுது. விடியக்காலை நீ ஆர்லோன்னு யாரையோ கூப்பிட்டே, அப்ப அழுகை டக்குனு நின்னுபோச்சு. அப்புறம் நீ அவனைத் தாண்டி வந்தே. பைக்குள்ள இருந்து கையை நீட்டினான். உன் காலைப் பிடிக்க நீட்டினான்டா. நீ பாக்காம வந்துட்டே."

"நீ ஏன்டா அப்பவே சொல்லலை?"

"பேசக் கூடாதே!" என்று டுவைட் அழுதான்.

ஹாலிஸ் ஓடினான். ஏரியில் வெளிச்சம் இருந்தது. மரத்தடியில் இல்லை. வேர் தடுக்கியது. விழுந்தான். எழுந்தான். சாய்ந்த பிர்ச் மரம். நீலப் பை.

நடுவில் மேடு.

ஜிப்பைக் கிழித்துத் திறந்தான். ஆர்லோ இருந்தான். மல்லாந்து, நேராக, ராத்திரி படுத்தது போலவே. உயிர் இருந்தது; மார்பு ஏறி இறங்கியது. உதடுகளை இறுக்கி மூடியிருந்தான். அண்ணனைக் கண்டதும் கண்ணிலிருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் ஓடியது. ஆனால் முகம். அந்த முகத்தில் ஒரு செம்புள்ளி இல்லை. புருவம் இருந்த இடம் வெளுத்திருந்தது. ரப்பர் வைத்து அழித்த பென்சில் படம் மாதிரி, இருந்த எல்லாமே மங்கியிருந்தது.

"டேய். எழுந்திருடா. முடிஞ்சுபோச்சு. பேசலாம்டா, பேசு. கத்துடா!"

ஆர்லோ தலையை அசைத்தான். முடியாது என்றா, தெரியாது என்றா என்று புரியவில்லை. கையை மட்டும் மெல்லத் தூக்கி ஹாலிஸின் வாயைக் காட்டினான். சொல்லு. வந்து என் பேரைச் சொல்லு என்றுதானே பேச்சு?

ஹாலிஸ் அவன் தோளைத் தொட்டான். அவனுக்குத் தெரிந்த ஒரே முறை அதுதான்.

"ஆர்லோ மேக்கெலா!"

கைக்குக் கீழே தோள் இளகியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூக்குத்தண்டு தணிந்து, கன்னத்தோடு சமமானது. கண் மட்டும் ஹாலிஸை விட்டு நகரவில்லை. தூரத்தில், மரங்களுக்கு அந்தப் பக்கம், யாரோ உற்சாகமாகக் குரல் கொடுத்தார்கள். "இதோ!"

அந்தக் குரல் இப்போது அவ்வளவு உடையவில்லை.

ஹாலிஸ் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான். எல்லாம் புரிந்துவிட்டது. காலையிலிருந்து எத்தனை பேர், எத்தனை தடவை. சபாஷ் ஆர்லோ. என் கண்ணு ஆர்லோ. பையைத் தூக்கிப் பார்த்தான். தம்பி கனக்கவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு பாதையில் இறங்கினான். பேரைச் சொல்லாமல் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும். அவ்வளவுதான். காரில் போட்டுக்கொண்டு எங்காவது. யாரும் பேரைச் சொல்லாத இடத்துக்கு.

கார் நிறுத்தும் இடத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. சந்தோஷமான குரல். சாப்பாடு ஆறிவிடுகிறது என்கிற குரல்.

"ஆர்லோ! எங்கேடா போயிட்டே? ஆர்லோ!"

"இங்கதாம்மா இருக்கேன்!"

மணிக்குரல். தூக்கத்திலும் ஓயாத அந்தக் குரல். ஹாலிஸ் பதின்மூன்று வருஷமாகக் கேட்ட, எரிச்சல்பட்டு அடக்கச் சொன்ன, அதே குரல். அது பேச ஆரம்பித்துவிட்டது. கல் தூக்கிய கதையை, முட்டை கதையை, மூச்சு விடாமல். அம்மா சிரித்தாள்.

ஹாலிஸ் மண்டியிட்டுத் தம்பியின் காதுகளைப் பொத்தினான். பொத்துவதற்கு அங்கே அதிகம் இல்லை.

"அம்மா! கூப்பிடாதே! அந்தப் பேரைச் சொல்லாதேம்மா!"

காட்டுக்குள்ளிருந்து அலறல் கேட்டதும் அம்மாவின் சிரிப்பு நின்றது. பயந்துவிட்டாள். காட்டில் பிள்ளை அலறினால் எந்தத் தாயும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். பிள்ளைகளின் பேரைச் சொல்லி, தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டே பாதையில் ஓடிவந்தாள்.

"ஹாலிஸ்! ஆர்லோ! ஆர்லோ! ஆர்லோ!"

ஹாலிஸ் இரண்டு கையாலும் அந்த முகத்தை மூடிக்கொண்டான். உள்ளங்கைக்குள் இமைகள் படபடத்தன. உதடுகள் இன்னும் இறுக மூடியே இருந்தன, விரலில் பட்டது. கூப்பிடும் குரல் நெருங்கி வந்தது. பிறகு கைக்குள் எதுவும் படபடக்கவில்லை. வழுவழுவென்று, ஏரிக்கரைக் கல் போல, இளஞ்சூடாக இருந்தது. அது இன்னும் மூச்சுவிட முயற்சி செய்துகொண்டிருந்தது.